கண்ணுற்ற சாட்சி

1. நான், ஒ. பவுன்ராஜ், வயது நாற்பத்தாறு. உசிலம்பட்டியில் குடியிருந்து வழக்கறிஞர் தொழில் செய்து வருபவன்.

2. ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஒச்சுக்காளைக்கும் அவர் மனைவி வேலுத்தாய்க்கும் நான் ஒரே மகன்.

3. இக்குறிப்புகளில் நான் நேரில் கண்டவை கண்டவையாகவும், பிறர் சொல்லக் கேட்டவை கேட்டவையாகவும் பிரித்து எழுதப்படும்.

4. இவை எந்த நீதிமன்றத்திலும் தாக்கல் செய்வதற்கு உரியன அல்ல. கட்சிக்காரராக வந்தவர் தாயாகவும் இருக்கும்போது மனம் தடுமாறக்கூடும். அத்தடுமாற்றம் வழக்குக் கட்டில் கலந்துவிடாமல் இருக்கத் தனியே எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 9

அம்மா இன்று அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம், வரவில்லை. குமாஸ்தா நேரே உள்ளே போகச் சொல்லியும் கேளாமல், வரப்புத் தகராறுக்கு வந்திருந்த இருவருக்கு நடுவே பெஞ்சில் அமர்ந்து, தம் முறை வந்த பிறகே எழுந்தார். அவருக்கு இடது செவி கேளாது. நாற்காலியை அவருடைய வலப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, என்ன விஷயம் என்று கேட்டேன்.

“ஒங்கப்பாவத் தீத்துவிடணும். கோர்ட்டுல எப்பிடின்னு சொல்லு.”

தீர்த்துவிடுதல் என்றால் எங்கள் பக்கத்தில் மணவுறவை முறித்துக்கொள்வது. வெளியூர்க்காரர்களுக்கு வேறு பொருள் தோன்றலாம். பெஞ்சில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

அம்மாவுக்கு வயது அறுபத்தேழு. அப்பாவுக்கு ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால் விழுந்துவிட்டன; பேச்சு குழறுகிறது. இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது முதல் உறவுப் பெண்கள் வந்து அம்மாவின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். அப்பாவின் அக்கா சிவனம்மாள் அத்தை, கருமாதிக்குக் கோடிச் சேலை எந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது வரை பேசிவிட்டாராம். இவை கேட்டவை.

“அவரு போனா நான் தாலியறுக்கணும்ல. அவருக்காக நான் அறுக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி எல்லாம் தீந்துபோச்சுன்னு கோர்ட்டு சொல்லணும். அம்புட்டுத்தான் வேணும்.”

வேறு ஏதாவது கோருகிறாரா என்று கேட்டேன். ஜீவனாம்சம், வீடு, எதுவும் வேண்டாம் என்றார். இத்தனை குறுகிய கோரிக்கையோடு எந்தக் கட்சிக்காரரும் என்னிடம் வந்ததில்லை.

ஜனவரி 10

மாலையில் அவருடைய அடுக்களையில் உட்கார்ந்து வழிகளை விளக்கினேன்.

இருவரும் மனமொத்துப் பிரியலாம். அதற்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்டபின் ஆறு மாதம் பொறுக்கவும் வேண்டும். அதைவிட, அப்பா சம்மதிக்க வேண்டும். முன்னறைக் கட்டிலில் இருந்த அவரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழும் உத்தரவு வாங்கலாம். ஆனால் திருமணம் அப்படியே இருக்கும். அப்படியானால் அப்போதும் அறுக்க வேண்டுமா என்று அம்மா கேட்டார். ஆம் என்றேன். அதை விடச் சொன்னார். கைவிட்டுப் போனதைக் காரணமாகச் சொல்ல முடியாது; இருவரில் எவரும் இந்த வீட்டைவிட்டு ஒருநாளும் போனதில்லை. மிச்சமிருப்பது கொடுமை. அதற்குச் சான்று வேண்டும் என்றேன்.

“சான்றுன்னா?”

“பாத்தவங்க யாராவது.”

அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கிறது என்று எழுந்துபோனார். அடுப்பு எரியவில்லை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். அம்மா அப்பாவுக்குக் கரண்டியால் கஞ்சி புகட்டி, வாயைத் துடைத்துவிட்டார். நேரில் கண்டேன்.

ஜனவரி 22

மனு வரைந்தேன். கொடுமை என்று பொதுவாக எழுதினால் நீதிமன்றம் ஏற்காது. எங்கே, எப்போது, எவ்வாறு என்று பத்தி பத்தியாகச் சொல்ல வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பின்வருவன அவர் சொன்னவை.

அப்பா பள்ளி விட்டு வீடு வந்தபின்னும் பள்ளியை விடவில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும், கேட்ட கேள்விக்குப் பதில் தாமதித்தாலும், முற்றத்தில் முழங்கால் போட வைப்பார். வெயில் இறங்கும்வரை அப்படியே. பிறகு சிலேட்டைக் கொடுப்பார். ‘எதிர்த்துப் பேச மாட்டேன்’ என்று ஒரு பக்கம் நிறைய எழுத வேண்டும்; அழித்துவிட்டு மறுபக்கம். அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். எழுத்து தெரியாமலே படம் போல் பார்த்து வரைந்திருக்கிறார். வரைந்து வரைந்து எழுத்து வந்துவிட்டது. ஒருநாள் எழுத மாட்டேன் என்று சொன்னபோது விழுந்த அறையில் இடது செவி போயிற்று.

சிலேட்டில் எழுதி அழிக்கப்பட்டமையால் ஆவணச் சான்று இல்லை. செவிக்கு மருத்துவமனைப் பதிவும் இல்லை. முற்றத்துக்கு உயரமான மதில். அக்கம்பக்கத்தார் பார்த்திருக்க வழியில்லை. இவற்றை அம்மாவிடம் எடுத்துச் சொல்லி, வீட்டுக்குள் வேறு எவரும் இருந்தார்களா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். வழக்கத்தினால்தான் கேட்டேன்.

“வரிய எண்ணிச் சொன்னது நீதானப்பா. தப்பெழுத்துக்கு வட்டம் போட்டதும் நீதான்.”

மெதுவாக, குறை சொல்லும் குரலில் அல்லாமல், மறந்துபோன ஒருவருக்கு விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

இவ்வாக்கியத்தை மனுவில் சேர்க்கவில்லை. மனுவின் தன்மைக்கு அது தேவையற்றது.

ஜனவரி 24

வழக்கறிஞர் சங்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரெஜினா வந்து எதிரே அமர்ந்தார். குடும்ப வழக்குகளில் இவ்வூரில் அவருக்கு நிகர் எவருமில்லை. அம்மா நேற்று அவரைப் போய்ப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“பவுன்ராஜ் சார், நீங்க வக்காலத்துப் போடாதீங்க. அத நான் போட்டுக்கிறேன். நீங்க கூண்டுல ஏறி, பாத்ததச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

எனக்கு நேரடி அறிவு இல்லை என்றேன். ரெஜினா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, அப்படியானால் சரி என்று எழுந்துபோனார்.

ஒரு வழக்கில் தான் சாட்சியாக நேரும் என்று நம்பக் காரணமுள்ள வழக்கறிஞர் அவ்வழக்கை ஏற்கக் கூடாது என்பது தொழில் விதி. ஏற்றுக்கொண்டவர் சாட்சியாவதும் முறையன்று. மாலையில் வக்காலத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவர் எழுத்து வட்டவட்டமாக, அச்சில் வார்த்தது போல் இருக்கும், பிழை விழுவதில்லை. கையெழுத்திட்டுவிட்டுக் கேட்டார்.

“அப்ப நீ சாட்சி கெடையாதா?”

“வக்கீல் சாட்சி சொல்லக் கூடாதும்மா. அது விதி.”

“விதி,” என்றார் அம்மா. படிவத்தை மடித்து என்னிடம் தந்தார். “நல்ல விதிதான்.”

பிப்ரவரி 5

மனுத் தாக்கல் செய்தேன். திருமணத்துக்குச் சான்று இணைக்கவில்லை என்று திருப்பினார்கள். பத்திரிகை இல்லை, படம் இல்லை, பதிவும் இல்லை. முறிப்பதற்கு முன், நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். வாக்காளர் அட்டையையும் அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தின் நகலையும் வைத்து மறுபடி கொடுத்தேன்.

அம்மா இன்று முதல் என் வீட்டில் இருக்கிறார். என் மனைவி கலாராணி தையல் மெஷினை நகர்த்தி முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்துவிட்டார்.

பிப்ரவரி 20

அப்பாவிடம் சம்மன் சேர்ந்தது. இடக்கையால் கையெழுத்துப் போட்டதாகவும், சம்மனில் ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டியதாகவும் சம்மன் கொண்டுபோன கோர்ட்டு அமீனா சொன்னார். கேட்டது.

மார்ச் 11

முதல் வாய்தா. அப்பாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நீதிமன்ற வாசலில் கட்சிக்காரர்களைக் கூப்பிடும் டவாலி எழுந்து நின்றார். உள்ளே பெஞ்சு கிளார்க் எழுந்தார். வேறு வழக்குக்காக வந்திருந்த காவலர் ஒருவர் காலைத் தொட்டார். எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். நீதிபதி வெளியூர், அவர் மட்டும் எழவில்லை. சமரசத்துக்கு அனுப்பிவைத்தார்.

சமரச அறையில் மத்தியஸ்தர் அம்மாவைப் பார்த்து, இந்த வயதில் எதற்கு என்று பரிவாகக் கேட்டார். கேட்டவர் அவருடைய இடப்பக்கம் இருந்தார். அம்மாவுக்குக் கேள்வி விழவில்லை. நான் திரும்பச் சொல்வதற்குள் அப்பா பேசினார். குழறினாலும் புரிந்தது.

“இவளுக்கு எழுதப் படிக்கக் கத்துக்குடுத்ததே நாந்தான். கேட்டுப் பாருங்க.”

உண்மையா என்று மத்தியஸ்தர் கேட்டார். உண்மை என்றார் அம்மா. அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்தக் கால ஆசிரியர்கள் அப்படி என்று யாரோ சொன்னார்கள். அவ்விடத்தில் இன்னொரு கேள்வி கேட்கும் வாய்ப்பு எனக்கு இருந்தது. எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டிருக்கலாம். வழக்கறிஞர் சமரசத்தில் குறுக்கிடுவது விரும்பத்தக்கதன்று என்பதால் கேட்கவில்லை.

சமரசம் தோல்வி என்று எழுதி அனுப்பினார்கள்.

மார்ச் 12

அம்மா தூக்குவாளியில் அப்பாவுக்குக் குழைந்த சோறும் ரசமும் கொடுத்தனுப்பியதைக் கண்டு தடுத்தேன். கொடுமை செய்தவருக்குத் தொடர்ந்து பணிவிடை செய்தால் அதை மன்னித்துவிட்டதாகச் சட்டம் கருதக்கூடும். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அத்தை வைக்கும் குழம்பு காரம், அவருக்கு விழுங்க வராது என்றார் அம்மா.

“நாய்க்குக்கூடத்தான் தெனம் சோறு வைக்கிறோம். நாயக் கட்டிக்கிட்டேன்னா அர்த்தம்?”

கலாராணி உள்ளே சிரிப்பது கேட்டது. இதற்குப் பதில் சொல்லக்கூடிய தீர்ப்பு எதுவும் எனக்கு நினைவு வரவில்லை. வாளி போய்விட்டது.

ஏப்ரல் 2

அப்பாவின் பங்காளியும் எங்கள் வகையறாவில் மூத்தவருமான சடையாண்டிப் பெரியப்பா வந்தார். கோர்ட்டு வாசலில் குடும்பத்தை நிறுத்தியதற்காக என்னைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்டிக்கவில்லை. அம்மா போய்ப் பேசியிருக்கிறார். தீர்த்துக்கொள்ள விரும்பினால் நம்மிடம் வழக்கம் இருக்கிறதே, எதற்கு இத்தனை வாய்தா என்றார்.

வழக்கம் இதுதான். பெரியவர்கள் கூடிய இடத்தில் புருஷன் ஒரு துரும்பைப் பெண்டாட்டி கையில் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. என் தலைமுறையில் நான் கண்டதில்லை. முன்பு நடந்ததாகக் கேட்டிருக்கிறேன். இந்து திருமணச் சட்டம் இத்தகைய வழக்கங்களைக் காப்பாற்றியே வைத்திருக்கிறது. ஆனால் அவ்வழக்கம் பழமையானது, இடையறாது நடைமுறையில் உள்ளது என்று உரிய சாட்சியங்களால் நிரூபிக்க வேண்டும். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

“எங்கிட்ட எதுக்குப்பா நிரூபிக்கணும்,” என்றார். “தாலி வாங்க வர்றது நாங்கதான. தீந்துச்சுன்னு நாங்க ஒத்துக்கிட்டா வர மாட்டோம்ல.”

அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வழக்குத் தொடங்கியபின் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 7

அப்பாவின் வீட்டு முற்றத்தில் கூடினோம். பெரியப்பா, அத்தை, பங்காளிகளில் மூவர், அம்மா, நான். அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். கூரை வேய்ந்த மாட்டுக்கொட்டத்திலிருந்து ஒரு துரும்பை இழுத்துப் பெரியப்பா அவருடைய இடக்கையில் வைத்தார். கொடுப்பாரா என்று எல்லோரும் பார்த்தோம்.

கொடுக்கிறேன் என்றார் அப்பா. பிறகு, ஒவ்வொரு சொல்லாக:

“மொதல்ல முட்டி போடச் சொல்லு.”

பங்காளிகளுக்குப் புரியவில்லை. பெரியப்பா வயதானவர் பிதற்றுகிறார் என்று நினைத்து மறுபடி கேட்டார். அப்பா அதையே சொன்னார், முற்றத்தின் கிழக்கு மூலையைத் தாடையால் காட்டி. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா சேலைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு அந்த மூலையை நோக்கி நடந்தார். தயங்கவில்லை. அவர் குனியத் தொடங்கியபோது நான் எழுந்து, இது நடக்கக் கூடாது என்றேன். மனு நிலுவையில் இருக்கும்போது வழக்கப்படி தீர்ந்துவிட்டதாகச் செய்துகொண்டால் மனு நிலைநிற்காது. வழக்கத்தையும் நிரூபிக்க முடியாமற்போனால் இரண்டும் கெடும். கட்சிக்காரரின் நலன் கருதி வழக்கறிஞர் என்ற முறையில் இதை நான் அனுமதிக்க இயலாது. இவ்வளவையும் நின்றபடி சொன்னேன். குரல் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கலாம். துரும்பை அப்பாவின் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டேன்.

வக்கீல் வேண்டாமென்றால் எங்களுக்கென்ன என்று பங்காளிகள் துண்டை உதறி எழுந்தார்கள்.

ஆட்டோவில் வரும்போது, நான் சொன்ன காரணம் சட்டப்படி சரியானது என்று அம்மாவுக்கு மறுபடி விளக்கினேன். அது சரியானதுதான். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்.

“முட்டி என்னோடதுதானப்பா.”

ஏப்ரல் 8

அம்மா இன்று பேசவில்லை. துவைத்த என் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்திருந்தார்.

ஏப்ரல் 26

அம்மா கூண்டில் ஏறினார். முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகத் தாக்கலாகிவிட்டது. குறுக்கு விசாரணையில் அப்பாவின் வழக்கறிஞர் வலப்பக்கமாக வந்து நின்று, பண்போடுதான் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் எவரிடமாவது புகார் சொன்னீர்களா. இல்லை. காவல் நிலையம் போனீர்களா. இல்லை. பக்கவாதம் வந்தபின் கஞ்சி புகட்டியது நீங்கள்தானே. ஆமாம். உங்களுக்குக் கல்வி கொடுத்த கணவரைப் பற்றித்தானே இதெல்லாம் சொல்கிறீர்கள். ஆமாம்.

“நீங்க சொல்ற எதையாவது யாராவது பாத்திருக்காங்களா?”

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா என் பக்கம் திரும்பினார். நான் வழக்குக் கட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்; அங்கே பார்க்க வேண்டியது எதுவும் இருந்ததாக நினைவில்லை.

“பாத்தவங்க யாரும் வரல,” என்றார்.

நீதிபதி, ‘நேரில் பார்த்த சாட்சிகள் எவரும் இல்லை என்றால் சரிதான்’ என்று பதிவு செய்யச் சொன்னார். அம்மா சொன்னது அதுவன்று. ‘வரவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வெவ்வேறு. பதிவைத் திருத்தக் கோரி நான் எழுந்திருக்க வேண்டும். எந்த இளைய வழக்கறிஞருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். எழவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி, யார் அவர் என்பது.

எதிர்த்தரப்புச் சாட்சியத்துக்கு ஜூன் மாதம் தள்ளிவைக்கப்பட்டது.

ரெஜினா கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். வெளியே வரும்போது என்னைக் கடந்து அம்மாவிடம் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

மே 1

கோடை விடுமுறை. நீதிமன்றம் பூட்டியிருக்கிறது.

மே 14

அப்பாவுக்கு மறுபடி பக்கவாதம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அவருக்கு நினைவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியும் அம்மா உடன் வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகவில்லை. கீழே பார்வையாளர் கூடத்தில், தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்துகொண்டார். விடுமுறையில் அவசர மனுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒருமுறை கேட்டார். இத்தகைய வழக்கில் எடுக்க மாட்டார்கள் என்றேன். மறுமுறை கேட்கவில்லை.

மே 17

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை முக்கியம்.

காலையில் மருத்துவர் என்னை உள்ளே அழைத்தார். அப்பா இறந்துவிட்டார் என்றார். உடலைப் பார்த்தேன். திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. செவிலியர் அதை அணைத்தார். படிவத்தில் கையொப்பமிட்டேன். பிறகு படியிறங்கிக் கூடத்துக்கு வந்தேன். அம்மா அதே இடத்தில் இருந்தார். தாலி கழுத்தில் இருந்தது. அவருடைய வலப்பக்கம் அமர்ந்து சொன்னேன்.

அவர் அழவில்லை. அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் போன் செய்துவிட்டேனா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். கொஞ்சம் பொறு என்றார். எழுந்து பெண்கள் குளியலறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது. ஈரக் கையிலிருந்த தாலியை என் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயைக் கையால் அழுத்தினார்.

“அவரு இருக்கும்போதே கழட்டிட்டேன். வெளங்குதா?”

நான் பையைக் குனிந்து பார்த்தேன்.

“இப்பப் போன் பண்ணு,” என்றார்.

சட்டநிலை இது. ஜூனில் நீதிமன்றம் திறந்ததும், எதிர்மனுதாரர் இறந்தார் என்று நான் மெமோ தாக்கல் செய்வேன். மணமுறிவு கோரும் உரிமை அந்த இருவரோடு முடிவது. வாரிசுகள் தொடர முடியாது. மனு அற்றுப்போகும். கழற்றியது எந்த நிமிடமாயினும் அதனால் சட்டத்தில் எதுவும் மாறாது. வேலுத்தாய், ஒச்சுக்காளையின் விதவை.

மே 18

எரியூட்டினோம். கொள்ளி வைத்தேன். ஊர்வலத்தில் அவரிடம் படித்தவர்கள் திரளாக வந்தார்கள். மரத்தடியில் ஒருவர் இரங்கல் பேசும்போது, தம் மனைவிக்கே எழுத்தறிவித்த மாமனிதர் என்றார். பெண்கள் அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள்.

மே 19

கருமாதியைப் பற்றிப் பேசப் பெரியப்பாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை உட்காரும் முன்னமே ஆரம்பித்தார். மஞ்சள் கயிறு ஒன்றையாவது வேலுத்தாய் கழுத்தில் கட்ட வேண்டும். கட்டி, கருமாதியன்று பங்காளிகள் முன்னால் அதை அறுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தம் தம்பி அங்கே போயும் பெண்டாட்டி இல்லாதவனாக அலைவான் என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. அது பொய் அழுகை அன்று.

அம்மா சுவரோரம் அமர்ந்திருந்தார். அறுக்க மாட்டேன், முன்னமே கழற்றிவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

“எப்பக் கழட்டுன?” என்றார் அத்தை. “இருக்கும்போது கழட்டுனா தீந்தவ. செத்தபெறகு கழட்டுனா அறுத்தவதான். எப்பன்னு சொல்லு.”

“இருக்கும்போது.”

“யாரு பாத்தா?”

இந்த முறை அம்மா என் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்தபடி, நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். கேளாத காதுக்குப் பின்னால்.

நான் பார்த்தேன் என்றேன்.

பெரியப்பா என்னை உற்றுப் பார்த்தார். கோர்ட்டில் சத்தியம் வாங்குகிறவன் நீ, உங்கப்பன் காரியம் நடக்கிற வீட்டில் நின்று சொல்கிறாய், யோசித்துச் சொல் என்றார். மூச்சு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். நீ எங்கே நின்றாய் என்று அத்தை கேட்டார். நல்ல குறுக்கு விசாரணை. கட்டில் பக்கத்தில் நின்றேன், அம்மா உள்ளே வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழற்றினார், அப்பாவின் கண் திறந்திருந்தது என்றேன். ஒரு பொய்க்கு இத்தனை விவரம் தேவை என்பதைப் பிறருடைய சாட்சிகளிலிருந்து கற்றிருக்கிறேன்.

அத்தை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவன் பார்த்துவிட்டுத்தான் போனானா என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் அது அவர்கள் இரண்டு பேர் பாடு என்றார்.

நாளை ஊரில் கேட்டால் காட்ட வேண்டும், எழுதிக் கொடு என்று பெரியப்பா சொன்னார். எழுதினேன். பெயருக்குப் பின் வக்கீல் என்று சேர்த்துப்போடச் சொன்னார். அதுதான் மதிப்பு என்றார். சேர்க்கவில்லை. சாட்சி சொல்பவன் வக்கீலாக இருக்கக் கூடாது.

அவர்கள் போனபின் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனார். பின்னாலேயே போனேன். இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“நெசத்தச் சொல்லக் கூப்பிட்டேன். அப்ப வரல நீ.”

தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தார். நான் அங்கேயே நின்றேன். அவர் போகச் சொல்லவில்லை.

பெரியப்பாவிடம் கொடுத்ததன் நகல்:

உசிலம்பட்டியில் குடியிருக்கும் பவுன்ராஜ் ஆகிய நான் மனமறிந்து எழுதிக்கொடுப்பது: இம்மாதம் பதினேழாம் தேதி காலை, மதுரையில் மருத்துவமனையில், என் தந்தை ஒச்சுக்காளைக்கு உயிரும் நினைவும் இருந்த நேரத்தில், என் தாய் வேலுத்தாய் தம் தாலியைத் தாமே கழற்றி என் கையில் கொடுத்தார். அந்நேரத்தோடு அவர்கள் உறவு தீர்ந்தது. ஆகையால் என் தந்தைக்காக அவர் அறுக்க வேண்டியது எதுவுமில்லை. அதற்காக எவரும் அவரை அழைக்கவும் வேண்டாம். இதை நான் நேரில் கண்டேன்.

(ஒப்பம்)
வேலுத்தாய் மகன் பவுன்ராஜ்

சாட்சிகள்:
1. சிவனம்மாள் (இடது பெருவிரல் ரேகை)
2. சடையாண்டி